இரத்தம் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான, சிலுவையைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையாளர் கிறிஸ்தவர் அல்லர் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். ஆனாலும் இயேசுவின் மீது அவருக்கு உள்ள மரியாதை வரிக்கு வரி தெரிகிறது. அவர் கேட்கும் கேள்வி ஒன்றே. மன்னிக்கிற மனம் கடவுளுக்கு இருக்குமானால் மன்னித்துவிட்டுப் போகலாமே, நடுவில் குற்றமற்ற ஒருவரின் இரத்தம் எதற்கு என்பதே அது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடையாக, கோபம் கொண்ட கடவுள் ஒருவர் தம் மகனைக் கொன்று ஆறுதல் அடைந்தார் என்று கிறிஸ்தவர்கள் நம்புவதாக அவர் எழுதியிருப்பதுதான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது. அது எங்கள் நம்பிக்கை அன்று.

அப்படி ஓர் எண்ணம் அவருக்கு ஏற்பட நாங்களே காரணமாக இருந்திருக்கிறோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடைபெறும் மும்மணி ஆராதனையில் சிறுவயது முதல் உட்கார்ந்திருக்கிறேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம் நடக்கும். அவற்றில் ஒன்றிலாவது, பிதாவாகிய கடவுள் ஒரு பக்கம் பிரம்போடு நிற்பதுபோலவும், குமாரனாகிய இயேசு மறுபக்கம் நம்மை மறைத்துக்கொண்டு அடி வாங்குவதுபோலவும் ஒரு சித்திரம் வந்துவிடும். கேட்கிறவர்கள் கண்ணீர் விடுவார்கள். சித்திரம் மனத்தில் தங்கிவிடும். ஆனால் இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் கோபிக்க மற்றவர் சமாதானப்படுத்துவதாகச் சொல்லும் அந்தச் சித்திரத்தைப் புதிய ஏற்பாட்டில் தேடினால் கிடைக்காது.

சிலுவை என்பது முதலில் என்னவாக இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. இன்று அது தங்கச் சங்கிலியில் தொங்குகிறது, ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரோமப் பேரரசில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71இல் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரையிலான அப்பியன் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாகச் சிலுவையில் அறைந்தார்கள். வழிப்போக்கர்கள் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ரோமக் குடிமகன் ஒருவனுக்கு அத்தண்டனை பொதுவாக விதிக்கப்படுவதில்லை. கண்ணியமான வீடுகளில் அந்தச் சொல்லைக் கூட உச்சரிக்கக் கூசினார்கள்.

1968இல் எருசலேமின் வடகிழக்கே ஒரு பழைய கல்லறைக் குகையைத் திறந்தபோது, எலும்புகளை இட்டு வைக்கும் சிறு கற்பெட்டி ஒன்றில் ஒரு மனிதனின் குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் சுமார் 11 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி ஒன்று பாய்ந்தபடியே இருந்தது. ஆணியின் நுனி வளைந்துபோனதால், உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியாமல் போயிருக்கிறது. அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். பெட்டியின் மேல் யெகோகானான் என்ற பெயர் கீறப்பட்டிருந்தது. இயேசுவின் காலத்தை ஒட்டி அதே நகரில் அதே விதமாக மாண்ட இன்னொரு யூதன் அவன். அந்த எலும்பின் படத்தை ஒரு முறை பார்த்த பிறகு, சிலுவையை வெறும் அடையாளமாக நினைப்பது எனக்குக் கடினமாகிவிட்டது.

ஆகவே, அப்படி ஒருவரைத் தெய்வம் என்று வணங்கியவர்களை ஊர் எள்ளி நகையாடியதில் வியப்பில்லை. ரோமாபுரியின் பாலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுவர்க்கிறுக்கலில், கழுதைத் தலையோடு ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. அதன் கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான். அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான் என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. சிலுவைக் காட்சியாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய படங்களில் இந்தக் கேலிச்சித்திரமும் ஒன்று. கிறிஸ்தவர்கள் தங்கள் கல்லறைகளில் மீனையும் நங்கூரத்தையும் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனையும்தான் வரைந்தார்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவை ஓர் ஆலயத்தின் கதவில் துணிந்து செதுக்குவதற்கு, ரோமாபுரியில் 5ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. நம் பக்கத்தில், சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த பழைய கற்சிலுவையிலும் உடல் இல்லை. சுற்றிலும் பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்துகள் ஓட, சிலுவையின் முனைகள் மொட்டு விடுவதுபோலச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் இரத்தப் பலி ஒன்று வேண்டும் என்று ஒரு கோட்பாட்டை முதலில் வகுத்துக்கொண்டு, பிறகு அதற்கு ஓர் ஆளைத் தேடவில்லை. தாங்கள் நம்பியவர் மிகக் கேவலமான சாவைச் செத்தார். மூன்றாம் நாளில் உயிரோடு கண்டோம் என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். உயிரோடு எழுந்தவர் ஏன் அப்படிச் சாக வேண்டும் என்ற கேள்வி அதன்பின் வந்தது. சிலுவையைப் பற்றிய உபதேசம் கெட்டுப்போகிறவர்களுக்குப் பைத்தியமாயிருக்கிறது என்று, இயேசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுசென்ற பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது அவர் அணி நயத்துக்காக எழுதவில்லை. கடைத்தெருவில் தம் காதில் விழுந்ததையே எழுதினார்.

அந்தக் கேள்விக்கு அவர்கள் ஒரே விடையைத் தரவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்திலிருந்து ஒரு சொல், கோயிலிலிருந்து ஒரு சொல், போர்க்களத்திலிருந்து ஒரு சொல், அடிமைச் சந்தையிலிருந்து ஒரு சொல் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து அந்த ஒரு சாவைச் சொல்ல முயன்றிருக்கிறார்கள். தமிழில் இச்சொற்கள் இரண்டு வழியில் வந்து சேர்ந்தன. சீர்திருத்த சபையினர் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு இரட்சிப்பு என்கிறது. அது வடமொழி வேரிலிருந்து வந்த, காப்பாற்றுதல் என்று பொருள்படும் சொல். கத்தோலிக்க மக்கள் இன்று மீட்பு என்கிறார்கள். மீட்பு என்றதும் இலக்கியம் படித்தவருக்குக் கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்டு வந்த கரந்தை வீரர் நினைவுக்கு வருவார்கள். வீட்டில் இருப்பவருக்கு அடகுக் கடையிலிருந்து நகையை மீட்டது நினைவுக்கு வரும். அநேகரை மீட்கும் பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்க வந்தார் என்று மாற்கு நற்செய்தி சொல்லும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லும், அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகையைத்தான் குறிக்கிறது.

தொகை என்று சொல்லிவிட்டால், யாரிடம் கட்டினார்கள் என்ற கேள்வி உடனே எழும். அது புதிய கேள்வியும் அன்று. 4ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சு நகரத்துக் கிரகோரியார் அதை மறைக்காமல் கேட்டார். சாத்தானுக்குக் கட்டப்பட்டது என்றால் அதைவிட அவமானம் இல்லை, கொள்ளைக்காரனுக்கு விலை கொடுப்பதா என்றார். பிதாவுக்குக் கட்டப்பட்டது என்றால், நம்மைச் சிறைபிடித்து வைத்திருந்தது அவர் அல்லவே, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட வந்தபோது அதை ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டியவர் தம் ஒரே குமாரனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்றார். கட்டுரையாளர் இன்று கேட்பதை எங்கள் சபைப் பிதாக்களில் ஒருவரே ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்கிறார் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். பின்னர் 1098இல் கான்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம், பிரபுவின் மானத்துக்கு ஏற்பட்ட இழுக்கை ஈடுகட்டுவது என்ற தம் காலத்துச் சிந்தனையைக் கொண்டு இதை விளக்கினார். 16ஆம் நூற்றாண்டில், சட்டம் படித்தவரும் சபைச் சீர்திருத்தவாதியுமான கால்வின் தண்டனை, தீர்ப்பு என்ற மொழியில் விளக்கினார். ஒவ்வொருவரும் தத்தம் காலத்துக் கண்ணாடியை அணிந்திருந்தார்கள். ஆனால் எங்கள் நம்பிக்கையின் சுருக்கமாகிய நிசேயா விசுவாசப் பிரமாணம் இன்றும் பெரும்பாலான சபைகளில் சொல்லப்படுகிறது. அதில், மனிதராகிய நமக்காகவும் நமது இரட்சிப்புக்காகவும் இறங்கி வந்தார், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பதற்கு மேல் எந்த விளக்கமும் கிடையாது. எந்தப் பொதுச் சங்கமும் ஒரே ஒரு விளக்கத்தைச் சட்டமாக்கவில்லை. அது நல்லதற்கே என்பது என் எண்ணம்.

விளக்கங்கள் பலவாக இருந்தாலும், எல்லாவற்றின் அடியிலும் ஒரு திசை மாறாமல் இருக்கிறது. பலி என்றால் மனிதன் கொடுப்பான், தெய்வம் பெறும். உலகெங்கும் வழக்கம் அதுதான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், மூன்றாம் அதிகாரத்தில் பவுல் இவ்வாக்கியத்தை எப்படி அமைக்கிறார் என்று பாருங்கள். கிருபாதாரபலியாக, அதாவது பாவத்தை நீக்கும் பலியாக, இயேசுவையே ஏற்படுத்தினார் என்கிறார். ஏற்படுத்தியது யார்? தேவன். எழுவாய் அங்கே மனிதன் இல்லை. அதில் உள்ள கிரேக்கச் சொல், யூதர்களின் புனிதப் பேழையாகிய பழைய உடன்படிக்கைப் பெட்டியின் மூடியாகிய கிருபாசனத்துக்கு வழங்கிய அதே சொல். ஆண்டுக்கு ஒரு முறை பிரதான ஆசாரியன் பலியின் இரத்தத்தோடு உள்ளே போய் நிற்கும் இடத்தைத் தெய்வமே எல்லோரும் பார்க்கும்படி வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டது என்பதுபோல அவ்வாக்கியம் ஒலிக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும் அப்படியே. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தாரைத் தமக்கு ஒப்புரவாக்கினார், அதாவது தம்மோடு உறவாக்கிக்கொண்டார், என்றுதான் இருக்கிறது. கிறிஸ்து தேவனை நமக்கு ஒப்புரவாக்கினார் என்று இல்லை. மனம் மாற வேண்டியவர் அவர் அல்லர்.

இனி, கட்டுரையாளரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். இயேசுவே சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் தூரத்தில் திரும்பி வரும் இளைய மகனைத் தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அங்கே எந்தப் பலியும் இல்லையே, மன்னிப்பு இலவசமாகத்தானே கிடைத்தது என்கிறார் அவர். மகனுக்கு அது இலவசம்தான். தகப்பனுக்கும் அப்படியா என்பதை யோசிக்க வேண்டும். சொத்தில் ஒரு பங்கு அழிந்துபோனது அழிந்ததுதான். கிழவர் ஒருவர் ஊர் பார்க்கத் தெருவில் ஓடியதன் மானக்கேடும் அவருடையதுதான். மூத்த மகனின் கோபத்தை வாசலில் நின்று வாங்கிக்கொண்டதும் அவரே. மன்னித்தபோது இழப்பு காற்றில் கரைந்துவிடவில்லை. அதைத் தாங்குபவர் மாறினார்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது எந்த இறையியல் கல்லூரியும் அன்று. எங்கள் ஊர் பனங்காட்டுக்கு நடுவே உள்ளது. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பனையேறிகள் பதநீர் இல்லாத மாதங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பற்றில் வாங்குவார்கள். பருவம் வந்ததும் கருப்பட்டி விற்ற காசைக் கொண்டு கணக்கைத் தீர்ப்பார்கள். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பற்று நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. 1974இல் நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருவர் பாளை சீவப் பனையில் ஏறியவர் தவறி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அவர் பக்கத்தில் 412 ரூபாய் நின்றது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. சில மாதம் கழித்து, கம்பு ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தவர், அண்ணாச்சி, கடனுக்கு ஈடாக, நான் குத்தகைக்கு எடுத்த பனைப் பாட்டத்தை உங்கள் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து, அந்தப் பக்கத்தின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை ஒரு கோடு இழுத்தார். தீர்ந்தது என்று எழுதித் தேதி போட்டுக் கையொப்பமிட்டார். மசி காய்வதற்கு ஊதினார். ஒரு கால் கிலோ சீனியையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விஷயம் அதோடு முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அது முடியவில்லை என்று பின்னர்தான் தெரிந்தது. தூத்துக்குடி மொத்த வியாபாரிக்கு அப்பா கொடுக்க வேண்டிய பணம் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவர் சரக்கு தந்துவிட்டார், அவருக்குக் கணக்குக் கணக்குதான். அந்த மாதம் அம்மாவின் கழுத்திலிருந்த இரண்டு பவுன் சங்கிலி அடகுக்குப் போனது. அதை மீட்க இரண்டு ஆண்டு ஆயிற்று. அதுவரை அம்மா மஞ்சள் கயிற்றோடுதான் கோயிலுக்கு வந்தாள். அப்பா காலமான பிறகு பழைய கணக்குகளைப் புரட்டியபோது, பேரேட்டில் அதே தேதியில் அப்பாவின் சொந்தப் பெயரில் 412 ரூபாய் பற்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். ஒரு பக்கத்தில் கோடு விழுந்த தொகை இன்னொரு பக்கத்தில், வேறொரு பெயரில் ஏறியிருந்தது.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்ற வசனம் உள்ளது. கையெழுத்து என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்வதைப் பலர் வெறும் ஒப்பம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். மூலத்தில் உள்ள சொல், கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த கடன் சீட்டைக் குறிக்கும்; நம் ஊர் புரோநோட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதுபோலவே, பாவங்களை எண்ணாமல் என்று பவுல் சொல்லும் இடத்தில் உள்ள வினைச்சொல் கணக்கில் எழுதுவதற்கு வழங்கிய சொல். இப்படித் தெளிவான சான்று இருக்கும்போது, இயேசு கடைசியாகச் சொன்ன முடிந்தது என்ற சொல் அந்தக் காலத்து இரசீதுகளில் முழுத் தொகையும் செலுத்தப்பட்டது என்பதற்கு எழுதப்பட்டது என்று எங்கள் பிரசங்கியார்கள் சிலர் சொல்லிவருவது தேவையற்றது; அதற்குச் சான்று வலுவாக இல்லை. யோவான் நற்செய்தியில் அச்சொல்லுக்கு நிறைவேறியது என்ற பொருளே போதுமானது.

கட்டுரையாளர் ஓர் இடத்தில் மறுத்துக் கேட்கலாம். கோடு போட்டது அப்பா, சங்கிலியை இழந்தது அம்மா. அப்படியானால் மீண்டும் ஒருவர் மன்னிக்க, இன்னொருவர்தானே தண்டம் கட்டினார் என்று. அப்பா அம்மாவின் கழுத்திலிருந்து சங்கிலியைப் பறித்துக்கொண்டு போயிருந்தால் அது கொடுமையாகவே இருந்திருக்கும். நடந்தது அப்படி இல்லை. அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்; அப்பா சொன்னார்; அவளே கழற்றிப் பிறை மாடத்தில் வைத்தாள். ஒரே வீடு, ஒரே மனம், ஒரே இழப்பு. ஒருவனும் என் ஜீவனை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்று யோவானில் இயேசு சொல்வதை அந்தப் பிறை மாடத்தை நினைக்காமல் என்னால் வாசிக்க முடிவதில்லை. பிதாவையும் குமாரனையும் எதிரெதிரே நிறுத்திய பிறகு சிலுவையைப் பார்த்தால் அது கொலையாகத்தான் தெரியும். பிரசங்கங்களில் எப்படி வந்தாலும், கிறிஸ்தவ சபையின் உபதேசம் அவர்களை அப்படி நிறுத்தியதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவம் என்ற கடினமான சொல்லை எங்கள் முன்னோர் விடாப்பிடியாகக் காத்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சிலுவையில் தொங்கியவர் தேவனுக்கு அயலார் என்றால், கட்டுரையாளரின் குற்றச்சாட்டுக்கு எங்களிடம் பதில் இல்லை.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 412 ரூபாய்க் கடனில் யாருக்கும் தீங்கு நேரவில்லை. பாவம் என்று வேதம் சொல்வது கொடுக்கல் வாங்கலில் வந்த குறை மட்டும் அன்று. ஒருவன் இன்னொருவனை மிதித்ததும், பொய்ச்சாட்சி சொன்னதும், கைகழுவியதும் அதில் அடங்கும். சிலுவைக் கதையில் இவை எல்லாம் இருக்கின்றன: காசுக்குக் காட்டிக்கொடுத்த சீஷன், பதவிக்கு அஞ்சிய ஆளுநர், சீட்டுப் போட்டுத் துணியைப் பங்கிட்ட சேவகர். அவர்களுக்கு நடுவே நின்று, பிதாவே, இவர்களுக்கு மன்னியும் என்று வேண்டியவரே, சிறிது நேரத்தில் ஏன் என்னைக் கைவிட்டீர் என்றும் கதறுகிறார். இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி அது. மாற்கு அதை இயேசுவின் தாய்மொழியான அரமேயத்திலேயே, எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி என்று எழுதிவைத்தார். அந்தக் கதறலை இனிமையாக்கி விளக்க முயலும் பிரசங்கங்கள் எனக்கு ஒப்புவதில்லை. கைவிடப்பட்டவர்கள் நிற்கும் இடத்துக்குத் தேவனே வந்து நின்றார் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் சொல்லத் துணியமாட்டேன்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில், இப்படி இலவசமாகக் கிடைக்கும் இரட்சிப்பு மனிதனைப் பொறுப்பற்றவனாக்கிவிடாதா என்றும் அவர் கேட்டிருக்கிறார். அந்தப் பனையேறி மீண்டும் மரம் ஏறவில்லை. ஆனால் அவருடைய மகன் ஏறினார். ஆண்டுதோறும் பருவத்தின் முதல் கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதைக் கணக்கில் வரவு வைக்கட்டுமா என்று ஒரு முறை நான் கேட்டபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தக் கணக்கில் என்று கேட்டார். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, ஒப்புரவாக்குதல் என்ற வேதச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் குறளின் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதலும் நினைவுக்கு வரும். வள்ளுவர் சொல்லும் ஒப்புரவு வேறு, பவுல் சொல்லும் ஒப்புரவு வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனாலும் அந்த அதிகாரத்தின் முதற்குறள், மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும் என்று கேட்டுத் தொடங்குகிறது. அந்தக் கருப்பட்டி கடனுக்கான தவணை அன்று என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கிருபையால் இரட்சிப்பு, அதன்பின் நற்கிரியை என்று எங்கள் உபதேசியார்கள் வரிசைப்படுத்துவதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

இரட்சிப்பு என்பது செத்தபின் மோட்சம் போவதற்கான பயணச்சீட்டு என்ற எண்ணத்தையும் கட்டுரை எங்களிடமிருந்தே பெற்றிருக்க வேண்டும். இரட்சிக்கப்பட்டீர்களா என்று பேருந்திலேயே கேட்டுவிடும் சகோதரர்களை நானும் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய ஆர்வத்தைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வாடிய பெண்ணிடம் உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று இயேசு சொன்னபோது அவளுக்குக் கிடைத்தது உடல்நலம்தான். வரி வசூலில் ஊரை ஏய்த்த சகேயு, ஏய்த்ததை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னபோதுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை பிறந்தது. இன்றைக்கு என்பதையும் வீட்டுக்கு என்பதையும் நாங்கள் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை.

எங்கள் மீது கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட ஒரு குற்றச்சாட்டையும் நானே எழுதிவிடுகிறேன். அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம், அது உன் சிலுவை, சுமந்துகொள் என்று ஆலோசனை சொல்லும் பெரியவர்கள் எங்கள் சபைகளில் இருக்கிறார்கள். இயேசு தம் சிலுவையைத் தாமே மனமுவந்து எடுத்தார். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏற்றி வைப்பதற்குச் சிலுவை என்ற பெயரே பொருந்தாது. அதை ஏற்றி வைத்தவர்கள் ரோமச் சேவகர்கள். அதேபோல, சிலுவையினால் பகையாக நின்ற நடுச்சுவர் தகர்ந்தது என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. எருசலேம் தேவாலயத்தில் யூதர் அல்லாத அந்நியர் தாண்டக் கூடாத ஒரு தடுப்புச் சுவர் உண்மையிலேயே இருந்தது. தாண்டினால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கிடைத்து இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சுவர் தகர்ந்தது என்று ஞாயிறுதோறும் வாசிக்கும் எங்களிடையே, சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்று பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. இது சிலுவையின் பொருளை மறுப்பது. வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டுரையும் எங்கள் விசுவாசத்துக்குச் செய்யும் சேதத்தைவிட இது பெரிது.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. இடம் கருதித் தாங்கள் சுருக்க நேர்ந்தால் வரலாற்றுச் செய்திகளைச் சுருக்குங்கள், மளிகைக் கடையை விட்டுவிடாதீர்கள். கட்டுரையாளர் எங்கள் பக்கம் வரும் வாய்ப்பு இருந்தால் அந்தப் பற்று நோட்டைக் காட்டுகிறேன். ஓரங்களைக் கரையான் அரித்துவிட்டது. குறுக்கே போட்ட கோடு மட்டும் மங்கவில்லை. பேரேட்டையும் பக்கத்திலேயே எடுத்து வைக்கிறேன்; இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.